பின்னால் வந்த கணவர்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்.

வெம்பிளியில் ஒரு நூலகத்தில் நான் துப்புரவு வேலை செய்தபோது, வயதான இந்தோனேசியப் பெண்மணி ஒருவர் தினமும் வருவார். குட்டையாக வெட்டிய நரைமுடி. தன் நாட்டு நாவல்களைக் கொண்டுவந்து, ஓரங்களில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டே படிப்பார். அகதியாக வந்தவர் என்று அறிந்து, ஒருநாள் என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அம்மா, உங்கட மனுசன் என்ன அரசியல் செய்தவர்?"

"அரசியல் செய்தது நான், தம்பி. பாஸ்போட்டைப் பறிச்சதும் என்னட்டைத்தான். அவர் எனக்குப் பின்னாலை வந்து சமைச்சவர்." நாவலைத் தட்டினார். "எங்கட நாட்டுச் சர்வாதிகாரி போனபிறகு, எங்களைப் போல நாட்டை விட்டு வந்த ஆக்களைப் பற்றி அங்கை கதை எழுதுகினம். அதிலையும் ஆம்பிளைதான் நாடு கடக்கிறான், பொம்பிளை காத்திருக்கிறாள். அதுதான் திருத்துறன். நீர் எப்பிடி வந்தனீர்?"

"நாட்டுப் பிரச்சினை" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

உண்மையில் ஊர்வலம் போனதும் தேடப்பட்டதும் என் மனைவி. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில், அவளுடைய அகதிக் கோப்பில் 'கணவர்' என்று ஒட்டிக்கொண்டவன் நான். கோயிலில் மட்டும், நான்தான் அவளைக் காப்பாற்றிக் கூட்டிவந்ததாகச் சொல்லி வருகிறேன். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அந்த அம்மாவைக் கண்டபிறகு, ஏன் மறுக்கவில்லை என்று அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

18 ஒக்டோபர் 2009