அந்தரத்தில் நின்ற பெண்

குவைத்தின் ஃபர்வானியாவில் ஒரே ஃபிளாட்டில் இரண்டு குடும்பங்கள் குடியிருந்தோம். டிஷ் ரிசீவர் பக்கத்து அறையில் இருந்தது. அங்கே வைக்கிற சேனல்தான் வயர் வழியாக எங்கள் டிவியிலும் வரும். அந்த அறையில் கீழக்கரை நூர்ஜஹானும் அவள் கணவரும்.

ஒரு மத்தியானம் குளிர்கால ஒலிம்பிக் ஓடியது. குழாயை நெடுக்காகப் பிளந்தது போன்ற பனிப்பள்ளத்தில், பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்ட பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சறுக்கி ஆகாயத்துக்கு எழும்பினார்கள். நான்கு சுவருக்குள் நடந்து நடந்தே தேய்ந்த நான் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் சுற்றில் விழுந்த ஒருத்திக்குக் கடைசி வாய்ப்பு. எழும்பினாள், தலைகீழாகச் சுழன்றாள். படக்கென்று ஏதோ சினிமா காமெடி வந்தது.

ஆத்திரத்தில் போய்க் கதவைத் தட்டினேன். திறந்த நூர்ஜஹான் என்னை முந்திக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் புள்ள ஒழுங்கா எறங்கிருச்சா?"

"என்னையக் கேக்குற? ரிமோட் உங்கிட்டதான இருக்கு?"

"மச்சான் சாப்பிட வந்துட்டாக. கடை தொறக்குற வரைக்கும் அது அவுகளுது."

உள்ளேயிருந்து அவள் கணவர் சிரித்தார். "வழுக்கி விழுறதயா ரெண்டு பேரும் பாக்குறீக? பாத்ரூம்ல சோப்பக் கரைச்சு ஊத்தவா?"

அவர் கிளம்பியதும் ஓடிப்போய்ச் சேனலை மாற்றினோம். யாரோ துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தரத்தில் சுழன்ற அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. எனக்கு இன்னும் அவள் தரையிறங்கவில்லை. சேனல் மாறும்போதெல்லாம் நூர்ஜஹானைத்தான் திட்டியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் கையில் ரிமோட் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.