பிளக்கில் படிந்த சிவப்பு

அந்தக் கார் உதிரிபாகக் கடைக்கு வருகிறவர்கள் சின்னவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நிற்பது பாட்டில்கள் அடுக்கிய கவுன்டரில். இன்ஜின் இருமுகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று வந்து சொல்வார்கள். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பெட்ரோலில் கலக்கும் மருந்து ஒன்றை எடுத்து நீட்டுவாள். சில வண்டிகளுக்குக் கேட்கும், சிலதுக்குக் கேட்காது. மனிதர்களுக்கும் அப்படித்தானே.

வீட்டில் மட்டும் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் அக்காவைத்தான், அதாவது பெரியவளை. பெரியவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். யாருக்கு எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் விரல்நுனியில். சொந்தத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போன் அவளுக்குத்தான் போகும். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

அதனால், அக்கா புருஷன் வேகமான கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி வந்து, "ஏம்மா டாக்டர், இதுக்கு என்ன ஊத்தலாம்?" என்று கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டர்போ வைத்த கார். எந்தத் தரப் பெட்ரோல் வேண்டும் என்பதற்கு, பெட்ரோல் மூடியின் உட்புறம் 95 ஆக்டேன் என்று அச்சடித்திருந்தது. அத்தான் ஊற்றியதோ அதைவிட உசத்தியான 98. அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆசையாகக் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பினால் டாக்டருக்கு என்ன மரியாதை? ஆக்டேன் ஏற்றும் பாட்டிலைக் கொடுத்து, "டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒண்ணு, அத்தான்" என்றாள். தொடர்ந்து ஊற்றக் கூடாது என்று பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் அவள் படித்திருந்தாள்.

அக்கா வீட்டில் அந்த ஒரு கார்தான். விடிகாலை வேலை இருந்தால் பெரியவள் எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் நேரமாகிவிட்டது, டேங்க் காய்ந்து கிடந்தது, வழியில் திறந்திருந்த பங்கில் 95-க்கும் கீழான சாதா பெட்ரோல்தான் இருந்தது. அதையே ஊற்றிக்கொண்டாள். அன்று மேடு ஏறும்போது இன்ஜின் டக்டக்கென்று தட்டியது. மறுபடி 98 ஊற்றியதும் நின்றுவிட்டது. அதோடு முடிந்த கதை.

ஆனால் கொஞ்ச நாளில் கார் வேறு மாதிரி மக்கர் பண்ணியது. மிதித்தால் திக்கியது, உதறியது.

"எல்லாம் அன்னைக்கு நீ ஊத்தின சாக்கடைத் தண்ணிதான்," என்றார் அத்தான் பெரியவளிடம். "பட்டு மாதிரி இருந்த இன்ஜின்."

பெரியவள் வாதாடவில்லை. தப்பான மருந்து போனால் உடம்பு என்ன பாடுபடும் என்று தினமும் பார்க்கிறவள். நம்பிவிட்டாள். சாவியைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பகலெல்லாம் ஆட்களைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டிவிட்டு, திரும்பும்போதும் இரண்டு பஸ். கால் வீங்கியது.

இதைக் கேள்விப்பட்டபோது சின்னவளுக்கு உள்ளே லேசாகக் குளிர்ந்தது. பெரியவளும் தப்புப் பண்ணுவாள். அந்தக் குளிர்ச்சியைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் கசந்தது.

ஏனென்றால், ஒரு மத்தியானம் பக்கத்துப் பட்டறை மெக்கானிக் புது ஸ்பார்க் பிளக் வாங்க வந்தார். கழற்றிய பழசுகளைக் கவுன்டரில் உருட்டினார். முனையெல்லாம் செங்கல் பொடி அப்பினாற்போல் சிவப்பு.

"என்னண்ணே, துருவா?"

"துரு இல்ல, டாக்டரம்மா. உங்க மருந்து. ஆக்டேன் பாட்டிலைப் பால் பாட்டில் மாதிரி வேளாவேளைக்குப் புகட்டியிருக்காங்க. எரிஞ்சு இப்படித்தான் படியும். அப்புறம் பொறி எங்க ஒழுங்கா விழும்?"

"சாதா பெட்ரோல் ஊத்தினா இப்படி ஆகுமா?"

"ஒரு தடவை ஊத்தினதுக்கா? தட்டும், போய்டும். உங்க அத்தான்கிட்டயும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். அவர் வண்டிதான் இது."

பழசைக் குப்பையில் போட்டுவிடுகிறேன் என்று சின்னவள் வாங்கிக்கொண்டாள். போடவில்லை. துணியில் சுற்றிக் கவுன்டருக்கு அடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். பெரியவள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அத்தான் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா, அத்தான்?"

"என்னன்னு சொல்றது? உன் தங்கச்சிதான் கெடுத்தான்னா? உனக்குத்தான் அசிங்கம். வண்டி நல்லா ஓடுது, அவளும் பஸ்ஸுக்குப் பழகிட்டா. விடு."

திட்டிய வார்த்தையைத் திரும்ப விழுங்க அவருக்கு மனசில்லை. அது சின்னவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்த 'விடு' இதமாக இருந்தது. விட்டுவிட்டாள். வாரங்கள் போயின. கடையில் யார் டாக்டரம்மா என்று கூப்பிட்டாலும் முதுகில் யாரோ தட்டியதுபோலத் திடுக்கிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் பெரியவளே கடைக்கு வந்தாள். வேலை உடுப்பு, கூட்டத்தில் நசுங்கிய பை. செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"ஏன்டி, இன்ஜினைச் சுத்தம் பண்ற மருந்து இருக்காமே. நான் கெடுத்ததுக்கு நானே ஒரு பாட்டில் வாங்கி ஊத்திடறேன். எது நல்லதுன்னு நீயே பாத்துக் குடு. எனக்கு இதெல்லாம் தெரியாது."

பெரியவள் அவளிடம் யோசனை கேட்பது அதுதான் முதல் தடவை. பழக்கத்தில் கை அலமாரிக்குப் போய் ஒரு பாட்டிலைப் பிடித்தும்விட்டது. அதை விட்டுவிட்டுக் குனிந்து, துணிமூட்டையை எடுத்து அவிழ்த்தாள்.

"நீ ஒண்ணும் கெடுக்கலக்கா. இது நான் குடுத்த மருந்து பண்ணினது."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவள் ஒரு பிளக்கை எடுத்து, நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"லேபிள் படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டா குடுத்தே?"

"ஆமா."

"அவருக்கு எப்போ தெரியும்?"

"பிளக் மாத்தின அன்னைக்கே."

"நல்லா ஜோடி சேர்ந்தீங்க ரெண்டு பேரும்," என்றாள் பெரியவள். அந்தப் பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று சின்னவளுக்குத் தெரியாது. கேட்க அவளுக்கு முகம் இல்லை. மறுநாள் கடை மூடும்போது கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் பெரியவள்.

"ஏறு."

நேராகப் பங்குக்குப் போய் நிறுத்தி, பெட்ரோல் மூடியைத் திறந்தாள். "95ன்னு போட்டிருக்கு. அது போதுமா?"

"போதும்."

"98?"

"வேண்டாம்."

"பாட்டில்?"

"ஒண்ணும் வேண்டாங்கா."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?"

டேங்க் நிரம்பியது. கார் திக்காமல் திணறாமல் மேடேறி, பஸ் நிறுத்தத்தில் நின்றது.

"இங்க இறங்கிக்கோ. உன் வீட்டுக்கும் ரெண்டு பஸ்தான். முதல் பஸ்ல உக்கார இடம் கிடைக்காது, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ." கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

முதல் பஸ்ஸில் இடம் இருந்தது. சின்னவள் உட்காரவில்லை.