படம் லேபில் இருக்கிறது

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்கு முன்னாலேயே பேனர் கடைக்காரரின் போன் வந்துவிடும். "போட்டோ அனுப்புங்க" என்பார். அழுதுகொண்டிருப்பவர்களில் யாராவது எழுந்து பீரோவைத் திறந்து துழாவ வேண்டும். கல்யாணப் படத்தில் இருப்பது முப்பது வருடத்துக்கு முந்தைய முகம். கடைசியில் கையில் கிடைப்பது வோட்டர் ஐடி. அதையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் இரண்டு புறாக்களும் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எழுதித் தெருமுனையில் கட்டிவிடுவார்கள். திருவொற்றியூரில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

என் அக்காவுக்கு இதில் ஒரு பயம் இருந்தது. சாவைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. பயமெல்லாம் பேனரைப் பற்றித்தான்.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு என்னைக் குளிப்பாட்டியது, அடித்தது, பள்ளிக்கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துப்போனது எல்லாம் அவள்தான். அவளைக் கட்டிக்கொண்டவர் இரண்டே வருடத்தில் கடலோடு போய்விட்டார். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, ராயபுரத்தில் ஒரு மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து விற்பாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வரைக்கும் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மார்க்கெட்டில் அவளோடு உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி இறந்து, அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அக்கா காலைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்றபடி சொன்னாள்.

"அவ எப்டி சிரிப்பா தெரியுமாடா? மார்க்கெட்டே திரும்பிப் பாக்கும். பேனர்ல பாத்தா, எங்கியோ திருடி மாட்டிக்கினவ மாதிரி கீறா. எனுக்கு அப்டி வெச்சிடாத நைனா. வூடு முச்சூடும் கேமரா வெச்சிக்கினு கீறியே, ஒரு தபா என்னை நல்லா புடிச்சி வையி."

"சரிக்கா" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

கேமராக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணலி போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கப்பலிலிருந்து வந்த பெட்டிகளில் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு பிடித்து ஓட்டையாகியிருக்கிறது என்று பார்த்து, போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாள் முழுக்க எடுப்பேன். எல்லாம் நசுங்கல். எடுத்து எடுத்து, போனில் எடுப்பது படமே இல்லை என்கிற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. எண்ணம் என்று மரியாதையாகச் சொல்கிறேன். அது திமிர்.

முதல் கேமராவை வண்ணாரப்பேட்டையில் ஒரு பாயின் காயலான் கடையில் பார்த்தேன். எரிந்துபோன மிக்சி மோட்டார்களுக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் நடுவில் கிடந்தது. லிவரைத் தள்ளிப் பட்டனை அமுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் விழுந்தவன்தான். பாய் அதைத் தராசில் வைக்கப் போனார். "கண்ணாடி கீது தம்பி, அத்தக் கழிச்சிக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு எனக்கென்றே எடுத்துவைக்க ஆரம்பித்தார். ஏழெட்டு வருடத்தில் முப்பத்தொரு கேமரா சேர்ந்துவிட்டது. எல்லாம் ஃபிலிம் போட்டு எடுப்பவை, பாதிக்குமேல் எனக்கு மூத்தவை.

எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வருவது என்னவென்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்துவிடும். அதற்காகக் கன்டெய்னர்களில் ஈரம் உறிஞ்சத் தொங்கவிட்டிருக்கும் பொட்டலங்களைக் கொண்டுவந்து, மூடி இறுகும் டப்பாக்களில் போட்டு, கேமராக்களை அதற்குள் வைத்தேன். மாதாமாதம் பொட்டலம் மாற்றுவேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்.

"இந்தக் காத்து கேமராக்கு ஆவாதுன்னு டப்பால போட்டு மூடற. நாங்க அத்தத்தான் மூக்கால இஸ்துகினு கீறோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது. எனக்கு அந்தப் பேச்சு வேடிக்கையாக இருந்தது, யார்டில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் கேட்ட பிறகும் இரண்டு வருடம் இழுத்தேன். அந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். துறைமுகத்துக் கிரேன்கள், கரையேற்றிப் போட்ட படகுகள், வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். கழுவி வந்த படங்களைக் காட்டினால் அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "இதுல ஒரு மனுசன்கூட இல்லியே" என்பாள்.

சோம்பல் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. அக்கா படம் என்றால் சும்மா எடுத்துவிட முடியுமா என்று நினைத்தேன். முகம் எடுக்கத் தோதான லென்ஸில் பூஞ்சை. அதைச் சுத்தம் செய்து வாங்க ஒரு மாதம். பிறகு நான் நினைத்த ஃபிலிம் எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்தபோது ஐப்பசி மழை. மழை விட்டால் வெயில், வெயில் என்றால் மூக்குக்குக் கீழே நிழல் விழும். இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பத்தடி தள்ளி அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு நாஷ்டா செய்துகொண்டிருந்தாள்.

போன வருடம் தை மாதத்துக்குப் பிறகு அவளால் கூடையைத் தூக்க முடியவில்லை. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரையீரல் கெட்டிப்பட்டுவிட்டது என்றார் டாக்டர். மருந்துச் சீட்டை என் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை காலை படம் எடுப்பது என்று நாள் குறித்துவிட்டேன்.

அக்கா மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து, பவுடர் பூசிக்கொண்டாள். மார்க்கெட்டில் இருபது வருடமாக அவளுக்குப் பக்கத்தில் கூடை போடுகிற தோழி ஆட்டோவில் வந்தாள். அவளும் எனக்கு அக்கா முறைதான், சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவள். மூன்று பேருமாகக் கடற்கரைக்குப் போனோம். கடல் உள்ளே வராமல் இருக்கப் பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்தில், சமமான கல்லாகப் பார்த்து அக்காவை உட்காரவைத்தேன். வெளிச்சம் மெத்தென்று இருந்தது. நான் ஃபிலிமை மாட்டிக்கொண்டிருக்கும்போது தோழி போனை எடுத்தாள்.

"நானும் இதுல ஒண்ணு எடுத்துக்கறேன் தம்பி."

"அதெல்லாம் வாணாம்க்கா. போன்ல எடுக்கிறது ஒரு போட்டோவா? இன்னிக்கி ஒரு நாளு அத்த உள்ள வெய்க்கா."

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அக்காவைச் சிரிக்கவைப்பதற்காக, ஏலத்தில் யாரோ ஒருத்தன் வழுக்கிக் கூடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்ட கதையை நடித்துக் காட்டினாள். அக்கா சிரித்தாள். அவளுக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. எப்போது சிரித்தாலும் கையை வைத்து மறைத்துக்கொள்வாள். அன்றைக்கு மறைக்கவில்லை. நான் லிவரைத் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பழைய கேமரா தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபிலிமின் நுனியை வலது பக்கத்து உருளையில் இருக்கும் பிளவில் செருகி மூட வேண்டும். அது சரியாகப் பிடித்துக்கொண்டால், ஒவ்வொரு தடவை லிவரைத் தள்ளும்போதும் இடது பக்கம் மேலே இருக்கும் திருகு தானாகச் சுற்றும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. ஷட்டர் அடிக்கும், எண் ஏறும், சத்தமெல்லாம் அச்சு அசலாக வரும். ஆனால் உள்ளே ஒன்றும் பதியாது. இதைப் புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்கு மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று தோழிக்குப் பாடம் எடுத்துக்கொண்டே நுனியைச் செருகினேன். திருகைப் பார்க்கவில்லை.

முப்பத்தாறோடு ரோல் முடிந்து லிவர் இறுக வேண்டும். முப்பத்தேழுக்கும் போனது, முப்பத்தெட்டுக்கும் போனது. அப்போதுதான் திருகைப் பார்த்தேன். அசையவே இல்லை. கடலைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்று, பின்மூடியைத் திறந்தேன். ஃபிலிம் நுனி பிளவிலிருந்து கழன்று, நான் இழுத்துவிட்ட இடத்திலேயே கிடந்தது.

ஐந்து நிமிடம் போதும். அதே ரோலை மறுபடி மாட்டியிருக்கலாம். அதே வெளிச்சம், அதே கல், இன்னும் சிரித்து முடிக்காத அதே அக்கா. ஒன்றும் வேண்டாம், "ஃபிலிம் மாட்டலக்கா, இன்னொரு தபா" என்று சொல்லியிருந்தால் போதும். அக்கா என்னைத் திட்டியிருப்பாள், தோழி ஒரு வருடத்துக்கு ஓட்டியிருப்பாள். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மூடியை மூடிவிட்டுத் திரும்பினேன். "முடிஞ்சிதுக்கா. சூப்பரா வந்துகீது" என்றேன்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது, அதனால்தான் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பிறகு கண்டுபிடித்த காரணம். போனை உள்ளே வை என்று சொன்ன வாயால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு என் அக்காவின் முகத்தைக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் படுக்கையிலிருந்து எழவில்லை. "லேபுக்கு அனுப்பிட்டியாடா?" என்று கேட்டாள். அனுப்பிவிட்டேன் என்றேன். ஃபிலிம் கழுவுகிற லேப் இப்போது ஒன்றிரண்டுதான், நாளாகும் என்பது என்னோடு இருந்தே அவளுக்குத் தெரியும். பொய் சொல்ல வசதியாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, ஒரு நாள் மனசு கேட்காமல் போனைத் தூக்கினேன். நான், போனை. அக்கா கையை ஆட்டித் தடுத்தாள்.

"இந்தக் கோலத்துல வாணாம்டா. அதான் நல்லதா எடுத்து வெச்சிட்டல்ல."

போனைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர்களிடம், நர்சுகளிடம், வருகிறவர்கள் எல்லோரிடமும் அவள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என் தம்பி எடுத்தது கீது, லேப்ல கீது, வரட்டும் காட்றேன். பேச்சு குறைந்துபோன பிறகு ஒரு நாள் மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கேட்டாள்.

"அதுல பல்லு தெரியுதாடா?"

"தெரியுதுக்கா."

"போவட்டும். நல்லாதான் இருக்கும்."

இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள். உடம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேனர் கடைக்காரரின் போன் வந்தது. வீட்டு வாசலில் மார்க்கெட் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். "அந்தப் போட்டோவக் குடு தம்பி, அத்தத்தான் போடணும்னு சொல்லிக்கினே இருந்தா" என்றாள் தோழி.

"லேப்ல பாழாயிடுச்சிக்கா" என்றேன். வாயில் தானாக வந்தது. பீரோவைத் திறந்து வோட்டர் ஐடியை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை தெருமுனையில் அக்கா, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நீல வானத்துக்கு முன்னால் நின்றாள். பதினாறு நாள் அதைத் தாண்டித்தான் நான் போய்வந்தேன். எனக்கு இனி இதிலிருந்து விடுதலை கிடையாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மன்னிக்க வேண்டியவள் எதுவும் தெரியாமலே போய்விட்டாள்.

காரியத்தன்று பந்தி முடிந்தும் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். தோழி ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த லேபுக்காரன் கை விளங்காமல் போக வேண்டும் என்று கொஞ்ச நேரம் சபித்தாள். பிறகு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அன்னிக்கி நான் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாம். நீ வாணாம்னு சொன்ன, போவட்டும். அவன் இப்டி பண்ணுவான்னு உனுக்கு இன்னா தெரியும்? உன் அக்கா சந்தோசமாத்தான் போயிருக்கா. உம்மேல இன்னா தப்பு கீது, சொல்லு."

அவள் சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை எடுத்து நீட்டினாள். நான் தலையை ஆட்டிவிட்டு, வாங்கிச் சாப்பிட்டேன்.