இரண்டாம் நாளும் உள்ளே போனவர்கள்

சரித்திரப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. வகுப்பில் மற்றவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு இருக்கும். டென்மார்க்கின் மேற்கு யூலாந்தில் ஒரு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடம் நின்று வேலை செய்த பிறகு என் வலது தோள் மேலே எழும்ப மறுத்துவிட்டது. சிறுவர் நிலையத்தில் வேலை செய்வதற்குப் படிக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு முதலில் வளர்ந்தோர் பள்ளியில் சில பாடங்களில் சித்தியடைய வேண்டும், சரித்திரமும் அதில் ஒன்று என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட அமெரிக்கச் சரித்திரம் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஆலைகள் பெருகியதைப் பற்றிய பாடம் அது. சிக்காகோவின் இறைச்சிக்கூடங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மாட்டை முழுதாக வெட்டத் தெரிந்த ஒருவன் நின்ற இடத்தில், ஆளுக்கு ஒரு வெட்டு என்று பலரை வரிசையாக நிறுத்தினார்கள். முதலாளிகள் வேகத்தைக் கூட்டினார்கள். தொழிலாளர்கள் சங்கம் கட்டி வேலைநிறுத்தம் செய்தார்கள். இவ்வளவையும் அகராதி பார்க்காமலே விளங்கிக்கொண்டேன். பிறகு ஒரு வாக்கியம் வந்தது. புதிதாக வந்திறங்கிய குடியேறிகளைக் கொண்டு முதலாளிகள் பல வேலைநிறுத்தங்களை உடைத்தார்கள். அதோடு சரி. அடுத்த வரியில் புத்தகம் ரயில் பாதைகளுக்குப் போய்விட்டது.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், தாதியாகப் படிக்க இருந்தவள், கையை உயர்த்தினாள். அவளுடைய தகப்பன் ஆயுள் முழுக்கச் சங்கத்தில் இருந்தவர்.

“அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? வெட்கமாக இருந்திருக்காதா?”

“நல்ல கேள்வி. வறுமை ஒரு காரணம். வேறு யாராவது?” என்றார் ஆசிரியர்.

என் கையும் உயர்ந்துவிட்டது, இடது கை.

நான் டென்மார்க் வந்து இரண்டாம் வருடம், நகரசபை, நாங்கள் சொல்வதுபோல் கொமூன், என்னை அந்தத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. சம்பளம் இல்லை, கொமூன் தரும் உதவிப்பணம்தான். என்னோடு இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெண்ணும் இருந்தார். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொதிசெய்யும் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் ஒரு டெனிஷ்காரி. விறைத்த விரல்களை எப்படிச் சூடாக்குவது, ஏப்ரனை எப்படி இறுக்கிக் கட்டுவது எல்லாம் அவள்தான் காட்டித் தந்தாள். பெட்டி, மூடி, மெதுவாக. என் முதல் டெனிஷ் சொற்கள் அவளிடமிருந்து வந்தவை.

ஒரு காலை மேற்பார்வையாளர் பஸ் தரிப்பிடத்திலேயே எங்களுக்காக நின்றார். இன்றைக்கு இந்த வழி என்று சைகை காட்டிப் பின்வாசலால் கூட்டிக்கொண்டு போனார். மண்டபம் வெறுமையாக இருந்தது. இறைச்சியைக் கொண்டுவரும் பெல்ட் ஓடவில்லை. முதல் நாள் வெட்டிய இறைச்சி மட்டும் பொதிசெய்யக் கிடந்தது. ஏதோ விடுமுறையாக்கும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வேலையை முடித்தோம். மத்தியானம் அவர் கேக் வாங்கித் தந்தார்.

அடுத்த நாள் பின்வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியதற்காக வேலையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. அந்த டெனிஷ்காரி எனக்கு மிக அருகில் வந்து, சத்தம் போடாமல், ஒரே ஒரு சொல் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தேன்.

“கருங்காலி எண்டு சொல்லுறாள்” என்றார் அக்கா.

ஊரில் பஸ் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதை மீறி வேலைக்குப் போனவர்களைத் திட்டிக் காதில் விழுந்த சொல். அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு உள்ளே போனோம்.

மூன்றாம் நாள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். கூட்டிய வேகம் கூட்டியபடியே இருந்தது. அந்த டெனிஷ்காரி வேறு மண்டபத்துக்கு மாற்றம் கேட்டுப் போனாள். ஓய்வு பெற்றுப் போகும்வரை என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வகுப்பில் நான் முதல் நாளை மட்டும் சொன்னேன். என் டெனிஷில், வினைச்சொற்கள் முன்னும் பின்னுமாக. அந்தக் குடியேறிகளுக்கு வேலைநிறுத்தம் என்று தெரிந்திருக்காது, யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றேன்.

“சுவாரசியம்” என்றார் ஆசிரியர். டெனிஷ்காரர் ஒரு பேச்சை மரியாதையாக மூடிவைக்கும்போது சொல்கிற சொல் அது. “ஆனால் இதற்கு ஆதாரம் வேண்டும். எங்கே இருக்கிறது?”

“எனக்கு நடந்தது.”

“ஆனால் நீ சிக்காகோவில் இருக்கவில்லையே” என்று அவர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. அதனால் கோபப்படவும் முடியவில்லை. வீட்டுக்குப் பஸ் எடுத்தேன்.

மகளிடம் சொன்னேன். நான் தமிழில் சொல்ல, அவள் வழக்கம்போல் டெனிஷில் பதில் சொன்னாள்: “அவர் சொல்வது சரிதான், அம்மா. பரீட்சையில் உன் கதையைச் சொல்லாதே. புள்ளி போய்விடும்.”

வாய்மொழிப் பரீட்சையில் நான் எடுத்த சீட்டில் அந்தப் பாடமே வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியரும், வேறு ஊரிலிருந்து வந்த பரீட்சகரும் இருந்தார்கள். பரீட்சகர் வயதான பெண், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். ஆலைகள், ஒற்றை வெட்டு, வேகம், சங்கம் எல்லாவற்றையும் பாடமாக்கியபடி சொல்லிக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் போனது. குடியேறிகளைப் பற்றிய அந்த வாக்கியம் வந்ததும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. முதல் நாளைச் சொன்னேன், எனக்கு நடந்ததாகவே. ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். பரீட்சகர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியாது. சரி. தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்?”

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அவர் குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். எனக்குச் சொற்கள் தெரியும். பயம், பணம், பிள்ளை, நகரசபை, எல்லாமே முதல் வருட டெனிஷ். மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது என்றார் ஆசிரியர்.

நான்கு கிடைத்தது. பன்னிரண்டுக்கு நான்கு. இங்கே இரண்டு எடுத்தாலே போதும், சித்திதான். விவரிப்பு நன்று, பகுப்பாய்வு போதாது, சொந்த அனுபவத்தை விட்டு வெளியே வர முடியவில்லை என்று ஆசிரியர் விளக்கினார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இப்போது எஸ்பியர்க் நகரத்தில் இருக்கிறார்.

“அக்கா, ரெண்டாம் நாள் நாங்கள் ஏன் உள்ளுக்குப் போனனாங்கள்?”

“எந்த ரெண்டாம் நாள்?”

“ஸ்ட்ரைக் நடந்தது. அவள் வாசலில வந்து சொன்னது.”

“போகாட்டில் கொமூன் காசை வெட்டியிருக்கும். எனக்கு ரெண்டு பிள்ளையள், உமக்குக் கைப்பிள்ளை. வேற என்ன செய்யிறது? இப்ப ஏன் அதைக் கிண்டுறீர்?”

“சோதினையில கேட்டவை.”

“இதையுமோ சோதினையில கேக்கிறவை? சொல்லியிருக்கலாமே.”

“சொல்லேல்லை.”

“ஏன்?”

“பஸ் வருது” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். காசு வெட்டியிருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அன்று வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் காசைப் பற்றி நினைத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், உள்ளே போகாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். பகுப்பாய்வு என்று ஆசிரியர் கேட்டது இதைத்தான் என்றால், இதை எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் காட்டியிருப்பேன்?

அந்த நான்கோடு எனக்குச் சிறுவர் நிலையப் படிப்பில் இடம் கிடைத்தது. பரீட்சகர் கேட்ட கேள்விக்கான பதிலைப் பிறகு ஒருநாள் டெனிஷில் எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. பிழை திருத்தித் தரச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். வினைச்சொற்களைத் திருத்திவிட்டு, “இது எதற்கு? பரீட்சை முடிந்துவிட்டதே” என்று கேட்டாள்.