இருபத்தாறு எழுத்து

2008இல் திருகோணமலையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவன் நான். யுத்தம் நடந்துகொண்டிருந்தது; வைஃபையைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்துவிட முடியாத காலம் அது. தெருவில் நிற்கும் எவனாவது எங்கள் இணைப்பில் புகுந்து எதையாவது அனுப்பினால் விசாரணை எங்கள் வாசலுக்குத்தான் வரும். அதனால் எழுத்தும் எண்ணுமாக இருபத்தாறு கொண்ட கடவுச்சொல் வைத்தேன். அது என் தலைக்குள் மட்டுமே இருந்தது. பொறுப்பாளர் இராசையா உட்பட எல்லோரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து நிற்பார்கள். அந்த நிற்றல் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கிண்ணியாவிலிருந்து சுபைதா வந்தாள். கடிதம் தட்டச்சுச் செய்யும் வேலை. கொழும்பிலிருந்து புது வைஃபைப் பெட்டி வந்தபோது, நான் குப்பையில் போட்ட கையேட்டை எடுத்து வாசித்தவள் அவள்தான். பெட்டியில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமத்தினால், எதையும் அடிக்காமலே கணினி பாதுகாப்பாக இணைந்துவிடும். ஒரே நாளில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். “கெட்டிக்காரப் பிள்ளை” என்றார் இராசையா, என் முன்னாலேயே. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் வெள்ளென, யாரும் வருமுன் வந்து பட்டனை வேலை செய்யாமல் ஆக்கினேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். எல்லோருடைய இணைப்பும் அறுந்தது. என் மேசையில் மறுபடி கூட்டம். மற்றவர்களுக்கு நானே அடித்துக் கொடுத்தேன். சுபைதாவுக்கு மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினேன்.

“நீங்களே அடியுங்கோ தங்கச்சி.”

பிழையில்லாமல் அடித்தாள். துண்டைக் கைப்பைக்குள் வைத்தாள். அப்படி ஒரு தாளோடு சோதனைச் சாவடி தாண்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். கிழித்துப் போடச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பின்னேரம் இராசையாவுக்குத் தொலைபேசி வந்தது. ஏதோ இரகசியக் குறிப்பு என்று சந்தேகப்பட்டு, கிண்ணியாவுக்குப் படகு ஏறும் துறையடிச் சாவடியில் சுபைதாவை இருத்தி வைத்திருக்கிறார்களாம். இருவரும் மோட்டார் சைக்கிளில் பறந்தோம். இது அலுவலக வைஃபையின் கடவுச்சொல் என்றேன். அதிகாரி நம்பவில்லை. தாளை அவரையே பார்க்கச் சொல்லிவிட்டு, இருபத்தாறையும் ஒன்றும் பிசகாமல் ஒப்பித்தேன். விட்டுவிட்டார்.

சுபைதா இருந்த மர வாங்கிலிருந்து எழும்பி வந்தாள்.

“காலையில மாத்தினத அதுக்குள்ள பாடமாக்கிட்டீங்க,” என்றாள். “பட்டன நிப்பாட்டினதும் நீங்கதானே அண்ணன்?”

இராசையா என்னைப் பார்த்தார். “ஓம்” என்றேன்.

அடுத்த நாள் பட்டன் வேலை செய்தது. செய்யவைத்தவன் நான்தான். ஆனால் அவள் மேசையைச் சுற்றிச் சிரிப்புக் கேட்டபோது மறுபடி எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்த இருபத்தாறும் எனக்கு இன்றைக்கும் பாடம். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.