பெயர் வைக்காத படத்துப் பாட்டு

வால்வு வைத்த பழைய ஆம்பிளிஃபயர் சூடாகத் தொடங்கும்போது, அதன் மேல் படிந்திருக்கும் தூசி லேசாகக் கருகி ஒரு வாசம் வரும். செல்லூரில் தங்கராசு அண்ணன் வீட்டு விசைத்தறிக் கொட்டகையில் அந்த வாசத்தோடு பஞ்சுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். அது நல்ல வாசமா கெட்ட வாசமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வீட்டில் ஏதாவது பழைய மின்விசிறி சூடேறி அதே மாதிரி நாறினால், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். இந்த வயதில் உட்காருவதற்கும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த காலம் அது. நாங்கள் காளவாசலில் குடியிருந்தோம். அப்பா ஒரு மிஷன் பள்ளியில் குமாஸ்தா. என் அண்ணன் சகாயம் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, மாதா கோயில் பாடகர் குழுவில் கற்றுக்கொண்ட கித்தாரை நம்பி, நண்பன் தங்கராசுவோடு சேர்ந்து ஒரு "மெல்லிசைக் குழு" ஆரம்பித்திருந்தான். குழுவின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குப் புதுக் குரல் என்றால் பைத்தியம். எந்தக் கல்லூரியில் பாட்டுப் போட்டி நடந்தாலும், எந்தத் தெருவில் புதிதாக ஒரு குழு மேடை ஏறினாலும், சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எங்களுக்கு அதைப் பாடிக் காட்டுவான். "இம்புட்டு நல்லாப் பாடுறான், ஒருத்தனுக்கும் தெரியலையே" என்று அவன் ஆற்றாமைப்படுவதற்குள் சோறு ஆறிப்போகும். "மொதல்ல நீ தின்னு. அவன் வீட்டுல அவன் தின்னுருப்பான்" என்பாள் அம்மா.

அப்படி அவன் கண்டுபிடித்த குரல்களில் ஒன்றுதான் பாண்டியம்மா அக்கா. தங்கராசு அண்ணன் கொட்டகைக்குத் "தார் சுத்த", அதாவது ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தர வந்துகொண்டிருந்த பெண். தறிகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்தச் சத்தத்துக்கு மேலே தன் பாட்டுத் தனக்குக் கேட்க வேண்டுமே என்று பாடிப் பாடியே அந்தக் குரலுக்கு ஒரு உறுதி வந்திருந்தது. ஆனால் அவளை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து மெல்லிசைக் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்னால் "யார் குரல்ல பாடுவீங்க?" என்றுதான் கேட்பார்கள். ஏதாவது ஒரு பிரபலத்தின் குரல் அச்சு அசலாக வர வேண்டும். பாண்டியம்மா அக்காவுக்குத் தன் குரலைத் தவிர வேறு குரல் வராது. அண்ணனுக்குப் பிடித்ததே அதுதான்.

ஒரு பெண்பிள்ளை பாடுகிற இடத்துக்கு மகன் தனியாகப் போய்வருவது அப்பாவுக்குச் சரியாகப் படவில்லை. "துணைக்கு இவளையும் கூட்டிட்டுப் போ" என்று என்னை அனுப்பினார். வேவு பார்க்கத்தான். நான் போய் அங்கே வேவு பார்த்ததெல்லாம் வறுத்த கடலையையும் பாட்டையும்தான். ஒத்திகை நடத்துவது லேசான காரியம் இல்லை. தறி ஓடினால் பாட்டுக் கேட்காது. கரண்ட் போய்த் தறி நின்றதே என்று சந்தோஷப்பட்டால், கித்தாரும் மைக்கும் சேர்ந்தே படுத்துவிடும். தறிகளுக்கு லீவு விட்டு, கரண்டும் மனசு வைக்கிற நாள் என்று ஒன்று வாய்க்க வேண்டும். அப்படி வாய்த்த ஒரு மத்தியானம்தான் அண்ணன் தன் சொந்தப் பாட்டை முதல்முதலாகப் பாடவைத்தான். "வைகையில தண்ணி வந்தா சொல்லிவிடு" என்று தொடங்கும். தாளம் முழுக்கத் தறி அடிக்கிற தாளம். பாண்டியம்மா அக்கா பாடி முடித்ததும் தங்கராசு அண்ணன், "மாப்ள, இது நிக்கும்டா" என்றார். அன்றைக்கு எங்கள் மூன்று பேரின் சந்தோஷத்தையும் பார்த்த பாண்டியம்மா அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு தார்க்குச்சிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் சோறு போடும் என்று தோன்றவில்லை. காளவாசலில் ஒரு லாரி ஆபீஸில் அண்ணனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் பேசினார். "இந்தத் திருவிழாச் சீசன் முடியட்டும். அதுக்குள்ள இந்த ஊர்ல நாலு பேரு, இது சகாயம் போட்ட பாட்டுன்னு சொன்னாகன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா நீ பேசாம வேலைக்குப் போகணும்." அண்ணன் சரி என்றான். நாலு பேர் என்ன, நாற்பது பேர் சொல்வார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

முதல் மேடை திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு ஊரில், அம்மன் கோயில் பொங்கலுக்கு. சினிமாப் பாட்டுகள் ஓடும்வரை கூட்டம் அசையாமல் இருந்தது. "அடுத்து எங்க சொந்தப் பாட்டு" என்று தங்கராசு அண்ணன் மைக்கில் சொன்னதுதான் தாமதம், ஆண்கள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்கள். பெண்கள் தூங்கும் பிள்ளைகளை மடி மாற்றினார்கள். "ஏப்பா, சொந்தப் பாட்டெல்லாம் சொந்த வீட்டுல பாடிக்கங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார். சினிமாப் பாட்டுக் கேட்டுச் சீட்டுகள் மேடைக்கு வந்து குவிந்தன. பாண்டியம்மா அக்கா பாடி முடித்தபோது முன்வரிசையில் நானும் ஒரு நாயும்தான் ஒழுங்காகக் கேட்டிருந்தோம்.

அடுத்த மேடையில், யாரையும் கேட்காமல், தங்கராசு அண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தார். பாட்டு ஆரம்பிக்கப் போகும் நேரத்தில் மைக்கைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, "பெரியோர்களே, தாய்மார்களே! இப்ப நீங்க கேக்கப்போறது ஒரு புதுப் படத்துப் பாட்டு. மெட்ராஸ்ல இப்பத்தான் ரெக்கார்டிங் முடிஞ்சிருக்கு. படத்துக்கு இன்னும் பேரு கூட வைக்கலை. தமிழ்நாட்டுலயே நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க" என்றார். கூட்டம் கப்பென்று அடங்கியது. டீக்கடைக்குப் போனவர்கள் கிளாஸோடு திரும்பி வந்தார்கள். பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ்மோர்" என்று எழுந்த சத்தத்தில் அண்ணன் கித்தாரைப் பிடித்தபடி சிலையாக நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

திரும்பி வரும் வேனில் அண்ணன் கோபத்தில் குதித்தான். "யாரக் கேட்டுடா அப்படிச் சொன்ன?" தங்கராசு அண்ணன் அசரவில்லை. "மாப்ள, பாட்டக் கேட்டாய்ங்களா இல்லையா? மொதல்ல ஊரு பூரா பாடட்டும். அப்பறம் ஒருநா நம்ம பாட்டுத்தான்னு சொல்லிருவோம். யாரு இல்லேங்கப் போறா?" என்றார். அடுத்தடுத்த மேடைகளிலும் அதே அறிவிப்புத்தான்.

பாட்டு நிஜமாகவே ஊரைப் பிடித்துக்கொண்டது. மைக் செட்காரர் ஒருவர் மேடையிலேயே அதை டேப்பில் பதிந்திருந்தார். அதிலிருந்து ஒரு கேசட், அதிலிருந்து இன்னொரு கேசட் என்று கைமாறி, கல்யாண வீடுகளிலும் சடங்கு வீடுகளிலும் குழாய் ஸ்பீக்கரில் அலறியது. படி எடுக்க எடுக்கக் குரல் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல்தான் மிச்சம் நின்றது, அப்படியும் கேட்டார்கள். தெருவில் யாராவது புதுப் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் அதை அடுத்தவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத காலம் அது. "அந்தப் பேரு வைக்காத படத்துப் பாட்டு இருக்கா?" என்று கேசட் பதிந்து தரும் கடைகளில் போய் நின்றார்கள். கடைக்காரர்கள் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, "தீவாளிக்குத்தான் படம் வருது, அப்ப வாங்க" என்று அனுப்பினார்கள். கதாநாயகனுக்குக் கால் ஒடிந்து படப்பிடிப்பு நின்றிருப்பதாகக் காளவாசல் டீக்கடையில் ஒருவர் சொன்னார். இன்னொருவரின் மச்சான் மெட்ராஸில் அந்தப் படத்தைப் பாதி பார்த்தே விட்டாராம்.

ஒரு காலையில் அப்பா கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை. அவன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "பாட்டுன்னா இப்படி இருக்கணும்டா. நீயுந்தான் போடுற." "அது நான் போட்டதுதாம்ப்பா" என்றான் அண்ணன். அப்பா கத்தியைத் தண்ணீரில் அலசியபடி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுக்குப் பொய் வேற சொல்லணுமாடா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

சீசனின் கடைசி மேடை செல்லூரிலேயே அமைந்தது. பாண்டியம்மா அக்காவின் சொந்தத் தெரு. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவாகி, அப்பாவையும் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தோம். பாட்டு நெருங்கியதும் அண்ணன் மைக்கைத் தானே வாங்கினான். அவனுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "இது எந்தப் படமும் இல்லைங்க. நான் போட்ட பாட்டு. பாடுறது உங்க தெருப் பிள்ளைதான்" என்றான். முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு, "எங்க தங்கச்சி கல்யாணத்துலயே இந்தக் கேசட்டப் போட்டோம். யாருகிட்ட கத விடுற?" என்று ஒருவர் எழுந்தார். விசில் பறந்தது. தங்கராசு அண்ணன் ஓடிவந்து, "பொய் சொன்னது நாந்தாய்யா, படமே கெடையாது" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "கூட்டாளிக்காகப் பேசுறான்" என்றார்கள். பாண்டியம்மா அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; ஆனால் அவளுடைய சித்தப்பாவே, "நீ சும்மா இரு, பாட வந்தா பாட்ட மட்டும் பாடு" என்று அதட்டினார்.

கடைசியில் விழாக் கமிட்டிப் பெரியவர் மேடைக்கு வந்தார். நல்ல மனிதர், அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டு, மைக்கிலேயே, பக்குவமாகத்தான் சொன்னார். "தம்பி, நல்லா வாசிக்கிறீங்க. யாரு இல்லேன்னா? ஆனா எவனோ ஒருத்தன் மெட்ராஸ்ல ராத்திரி பகலா முழிச்சுக் கெடந்து போட்ட பாட்டு. அவன் ஒழைப்ப நம்ம பேருல போட்டுக்கிறது பாவம் இல்லையா? அவுக பேரு தெரிஞ்சா சொல்லுங்க, தெரியாட்டிப் பேசாமப் பாடுங்க." கூட்டம் கைதட்டியது. யாரென்றே தெரியாத அந்த மனிதனுக்காக அன்றைக்குச் செல்லூரே வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. அந்த மனிதன் அவர்கள் கண்ணெதிரில், கித்தாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றிருந்தான். பிறகு அவன் வாசித்தான், அக்கா பாடினாள், "ஒன்ஸ்மோர்" கேட்டார்கள், மறுபடியும் பாடினாள். அவ்வளவு நன்றாக அந்தப் பாட்டை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

வைகைப் பாலத்தில் அப்பாவும் அண்ணனும் நானும் வீட்டுக்கு நடந்து வந்தோம். கீழே ஆற்றில் மணல்தான் கிடந்தது. பாதிப் பாலம் கடந்த பிறகு அப்பா பேசினார். "நீ போட்டதுதான்டா. நீ நின்ன நெலையைப் பாத்தாலே தெரியுது. ஆனா நான் ஒருத்தன்தானே சொல்றேன்?" எனக்குச் சட்டென்று கணக்கு வந்தது. "இல்லப்பா. நீங்க, நானு, தங்கராசு அண்ணே, பாண்டியம்மா அக்கா. நாலு பேரு ஆச்சுல்ல?" என்றேன். அப்பா என் தலையில் கை வைத்தார். "நாம ஊரு இல்லம்மா" என்றார். அடுத்த வாரம் அண்ணன் லாரி ஆபீஸில் சேர்ந்தான்.

பாண்டியம்மா அக்காவுக்குத் திருப்பூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போய்விட்டது. தங்கராசு அண்ணன் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். எங்களிடம் இருந்த ஒரே கேசட்டும் ஒருநாள் டேப் ரெக்கார்டரில் சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் தேறவில்லை. சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புகிறவர்களும் இல்லை, சோறு ஆறப் பாடிக் காட்டுகிறவர்களும் இல்லை. என் பேத்தி தினமும் போனில் புதுக் குழு, புதுப் பாடகர் என்று எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். எல்லாம் நல்ல பாட்டுத்தான் போலிருக்கிறது, எனக்குத்தான் கேட்டு முடிக்கத் தெம்பில்லை. அதையெல்லாம் அண்ணனுக்குத் தள்ளிவிடுகிறேன். ஓய்வுபெற்றுவிட்ட அவன் ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டுவிட்டு, "போட்டது யாருன்னு எழுதியிருக்கான் பாரு, கண்ணாடி இல்லாமத் தெரியலை" என்று என்னைக் கூப்பிடுவான். நான் படித்துச் சொன்னதும், அந்தப் பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வான்.

போன மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணனுக்கு எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்யா, அந்தக் காலத்துல கச்சேரியில கித்தார் வாசிச்சவுகதானே நீங்க?" என்று கேட்டார். அண்ணன் ஆமாம் என்றான். அவர் "வைகையில தண்ணி வந்தா" என்று இரண்டடியைத் தப்பில்லாமல் பாடினார். "அந்தப் படம் கடேசியில வந்துச்சாய்யா? படம் வந்தா கூட்டிட்டுப் போறேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவுகளும் போயிட்டாக."

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். இந்த ஒருவரிடமாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"வந்துச்சும்மா" என்றான் அண்ணன். "ரெண்டு வாரங்கூட ஓடலை." பிறகு அந்த அம்மாவின் இலையில் பாயசம் இல்லாததைப் பார்த்து, பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.