மாமா ஊற்றாத டீசல்

அந்தப் பெருமழைக் காலத்தில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ராயப்பேட்டையில் ஒரு பெட்ரோல் பங்கில் மேனேஜராக இருந்தார். அங்கிருக்கும் டீசல் எல்லாம் மாமாவுடையது என்றே நான் பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன்.

மழை நின்ற பிறகும் மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் முடியாது. இன்வர்ட்டர் காலையில் அடங்கிவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் தீரப்போகிறது. அபார்ட்மெண்ட் ஜெனரேட்டரில் சொட்டு டீசல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், போனால் திரும்பமாட்டேன் என்று தாத்தா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருந்தார். கடைசியில் அம்மா ஒரு காலி கேனையும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். நான் விழுந்தாலும் நிற்கமாட்டாள் போல நடந்தாள்.

பங்கின் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே ரோடு வரைக்கும் கேன்களும் மனிதர்களும். உள்ளே ஒரு நர்சிங் ஹோம் வேன் மட்டும் நின்றது. அதிலிருந்த பீப்பாய்க்கு மாமாவே குழாயைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். அம்மாவைப் பார்த்ததும் கயிற்றருகே வந்தார்.

"மாமனாருக்கு மூச்சு இழுக்குதுடா. ஒரு கேன் போதும்" என்றாள் அம்மா, மெதுவாக.

"லாரி எப்ப வரும்னு தெரியலக்கா. அடியில கொஞ்சந்தான் இருக்கு. அங்க ஐசியூல எத்தனையோ பேர். அவரையும் அங்கயே கூட்டிட்டு வந்துடு. கரண்ட் நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு."

"வரமாட்டேங்கறாரு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கக்காவத்தான் சொல்லுவாங்க."

மாமாவின் கை கேனின் பிடிவரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். அதற்குள் லுங்கி கட்டிய ஒருவர் முன்னால் வந்தார்.

"இன்னா சார், சொந்தக்காரங்கன்னா தனி லைனா? எங்கூட்ல கைக்கொழந்த கீது. காத்தால இருந்து நின்னுக்கினு கீறேன்."

பின்னாலிருந்து பத்துக் குரல்கள் கேட்டன. கயிறு இழுபட்டது. வேன் டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டார். மாமா அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

அம்மா கேனை என் கையில் திணித்துவிட்டு அந்த ஆள் பக்கம் திரும்பினாள்.

"நான் டீசலுக்கு வரலங்க. ரெண்டு நாளா தம்பி வீட்டுக்கு வரல, இருக்கானான்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

"டீசலுக்குத்தானம்மா வந்தோம்" என்று நான் ஆரம்பித்தேன். என் தோளில் அவள் நகம் பதிந்தது.

திரும்பும்போது, ஏன் பொய் சொன்னாய் என்று இரண்டு முறை கேட்டேன். அம்மா நடையை இன்னும் எட்டிப்போட்டாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து தாத்தாவின் விரல்களைச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். "திரும்பக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு மாமா. எந்திரிங்க" என்றாள். மாமனாரிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் வாட்ச்மேனும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சிலிண்டரை அம்மா மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே வந்தாள். பாதி வழியில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று கிடைத்தது.

அந்த நர்சிங் ஹோமில் வராந்தா முழுக்கப் படுக்கைகள். பின்பக்கம் ஜெனரேட்டர் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய் வைத்த சற்று நேரத்தில் தாத்தாவின் உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"ஊரே இருட்டாக் கெடக்கு. இங்க மட்டும் எப்படிம்மா?"

"என் தம்பி குடுத்த டீசல், மாமா" என்றாள் அம்மா. பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

காலி கேன் அப்போதும் என் மடியில்தான் இருந்தது. கேட்டதற்கு ஒரு சொட்டுக்கூடத் தராதவரைப் பற்றி அம்மா ஏன் இப்படிப் புளுகுகிறாள் என்று எனக்கு ஒரே ஆத்திரமாக இருந்தது.